கருப்பையில் கண்டெடுத்த ஏற்பி

மாதவிடாய் தள்ளிப்போனால் ஹார்மோன் கோளாறு. இரத்தப்போக்கு மிகுந்தால் ஹார்மோன் கோளாறு. கருப்பையில் கட்டி என்றாலும் அதே சொல்தான். தவறான சொல் என்று சொல்லமாட்டேன், போதாத சொல். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இரத்தத்தோடு கலந்து உடம்பில் போகாத இடமில்லை. கால் தசையையும் தொடுகிறது, காது மடலையும் தொடுகிறது. அங்கெல்லாம் கண்ணுக்குத் தெரிய எதுவும் நடப்பதில்லை. கருப்பையைத் தொட்டதும் உட்சவ்வு தடிக்கிறது, புது இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, செல்கள் மளமளவென்று பெருகுகின்றன. ஒரே ஹார்மோனுக்கு ஓர் உறுப்பு இப்படிப் பொங்குவதும் இன்னோர் உறுப்பு வாளாவிருப்பதும் ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது கருப்பையை வைத்துத்தான். ஆனால் அந்த விடையால் முதலில் பயன்பெற்றது மார்பகப் புற்றுநோய் மருத்துவம். கருப்பைக் கட்டிகளின் மருத்துவத்துக்கு அதே அறிவு முழுதாக வந்து சேர அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தத் தாமதத்தின் காரணங்களைப் பின்தொடர்ந்து போனால், பெண் இனப்பெருக்க உறுப்புகளில் வரும் கட்டிகளைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

எலியின் கருப்பை சொன்ன செய்தி

சினைப்பைக்கும் கட்டிக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்பது முன்பே தெரிந்திருந்தது. கிளாஸ்கோவில் அறுவை மருத்துவராக இருந்த ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்ணின் சினைப்பைகளை நீக்கிப் பார்த்தார். கட்டி சுருங்கியது. 1896இல் லான்செட் இதழில் அதை எழுதினார். அதற்கு முன் அவர் ஆராய்ந்தது பால் சுரப்பைப் பற்றி; சினைப்பை நீக்கிய பசு நெடுநாள் பால் கறக்கும் என்ற செய்தி கால்நடை வளர்ப்பவர்கள் வழியாக அவருக்கு வந்திருந்தது. அந்தச் செய்தியிலிருந்து புற்றுநோய்க்குத் தாவிய துணிச்சல் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. 'ஹார்மோன்' என்ற சொல்கூட அப்போது கிடையாது. எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1905இல்.

1923இல் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் பன்றிச் சினைப்பையின் நுண்பைகளில் இருந்த நீரை எடுத்து, சினைப்பை நீக்கிய எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளிடம் நின்றுபோயிருந்த பருவச் சுழற்சியின் அடையாளங்கள் திரும்பி வந்தன. அதை அவர்கள் உறுதிசெய்த வழி, யோனிச் சுவரின் செல்களை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அந்த முறையை 1917இல் கினிப் பன்றிகளில் வகுத்துத் தந்தவர்கள் ஸ்டாக்கர்டும் பாப்பனிகோலாவும். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் 'பாப் ஸ்மியர்' பரிசோதனையில் இருப்பது அதே பாப்பனிகோலாவின் பெயர்தான். ஈஸ்ட்ரோஜனைக் கண்டுபிடிக்க உதவிய கைவேலையும் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் கைவேலையும் ஒரே இடத்தில் தொடங்கியவை.

ஹார்மோன் கிடைத்தாயிற்று. செல்லுக்குள் போய் அது என்ன செய்கிறது? நொதிகளோடு சேர்ந்து வேதிவினையில் பங்கெடுத்துத் தானும் உருமாறுகிறது என்பதே 1950களில் பலரும் நம்பிய விளக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். ஹார்மோன் திசுவை என்ன செய்கிறது என்று எல்லாரும் தேடிக்கொண்டிருக்க, திசு ஹார்மோனை என்ன செய்கிறது என்று அவர் பார்த்தார்.

ஈஸ்ட்ரோஜன் இம்மியளவிலேயே வேலை செய்யும் பொருள். அவ்வளவு சிறிய அளவைப் பின்தொடர அதற்கேற்ற கூர்மையான அடையாளம் வேண்டும். ஜென்சனும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும், ஈஸ்ட்ரோஜன்களில் முதன்மையான எஸ்ட்ரடையோலின் மூலக்கூறில் ட்ரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைப் பொருத்தி, பருவம் எய்தாத பெண் எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். இரத்தத்திலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஏறிய கதிரியக்கம் விரைவிலேயே இறங்கிவிட்டது. கருப்பையிலும் யோனியிலும் மட்டும் மணிக்கணக்கில் தங்கியது. தங்கியதைப் பிரித்துச் சோதித்தபோது எஸ்ட்ரடையோல் எஸ்ட்ரடையோலாகவே இருந்தது. வினையில் அது செலவாகவில்லை. ஏதோ ஒன்று அதை இறுகப் பிடித்து வைத்திருந்தது.

அந்த ஏதோ ஒன்றுதான் ஏற்பி; ஆய்வக அறிக்கைகளில் 'ரிசப்டர்' என்று வருவது. 1966இல் டேவிட் டாஃப்ட்டும் ஜாக் கோர்ஸ்கியும் அது ஒரு புரதம் என்பதை எலியின் கருப்பையிலிருந்தே பிரித்துக் காட்டினார்கள். 1980களின் நடுவில் மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் மரபணு படியெடுக்கப்பட்டது; பியர் ஷாம்போனின் குழு அதில் முன்னணியில் இருந்தது. 1996இல் ஸ்வீடனில் யான்-ஓகே குஸ்தாஃப்சன் குழு இன்னோர் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் கண்டது. அன்றிலிருந்து பழையது ஆல்ஃபா, புதியது பீட்டா. கருப்பையில் பெரும்பாலான வேலை ஆல்ஃபாவுடையது.

ஏற்பி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பின்னால் வரும் புதிர்கள் எல்லாம் இங்கேதான் அவிழும். ஆல்ஃபா ஏற்பி 595 அமினோ அமிலங்களால் ஆன புரதம். செல்லின் உட்கருவில் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கொழுப்பில் கரையும் சிறிய மூலக்கூறு என்பதால் செல்சவ்வு அதற்குத் தடையில்லை. ஏற்பியின் குழிக்குள் அது போய் அமர்ந்ததும், 12ஆம் சுருள் எனப்படும் பகுதி சிமிழுக்கு மூடி போட்டதுபோல் மேலே வந்து படிகிறது. மூடி சரியாகப் படிந்தால் ஏற்பியின் வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் அமைகிறது. துணைப் புரதங்கள் வந்து பொருந்துவது அந்தப் பள்ளத்தில்தான். ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.வில் தமக்குரிய இடங்களைப் பற்றிக்கொள்ள, துணைப் புரதங்கள் அருகிலுள்ள மரபணுக்களை இயங்கச் செய்கின்றன. மூடி படியும் இந்தக் காட்சி 1997இல் படிக அமைப்பு ஆய்வில் துல்லியமாகத் தெரிந்தது.

அப்படி இயங்கத் தொடங்கும் மரபணுக்களில் ஒன்று, சினைப்பையின் இன்னொரு ஹார்மோனான புரொஜெஸ்டிரோனுக்குரிய ஏற்பியின் மரபணு. அதாவது ஈஸ்ட்ரோஜன் வந்து போனால்தான் புரொஜெஸ்டிரோனுக்குச் செவிசாய்க்கும் திறன் செல்லுக்கு வருகிறது. 1975இல் காத்ரின் ஹார்விட்சும் வில்லியம் மெக்குவயரும் இதை ஒரு சோதனையாகவே ஆக்கினார்கள்: புரொஜெஸ்டிரோன் ஏற்பி இருந்தால், அங்கே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்மையாகவே வேலை செய்கிறது என்று பொருள். பயாப்ஸி அறிக்கையில் இ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரொஜெஸ்டிரோன் ஏற்பி) என்று இரண்டும் சேர்ந்தே வருவதன் காரணம் இதுதான்.

ஒரே உறுப்பில் எதிரெதிர் விளைவு

மாதவிடாய் முடிந்ததும் எண்டோமெட்ரியம் எனும் உட்சவ்வு சில மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். சுழற்சியின் முதற்பாதியில் ஈஸ்ட்ரோஜன் அதை வளர்த்து, சென்டிமீட்டர் அளவுக்குக் கொண்டுபோகிறது. கருமுட்டை வெளியானபின் புரொஜெஸ்டிரோன் வருகிறது. வந்ததும் வளர்ச்சியை நிறுத்துகிறது. சுரப்பி செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைக் குறைக்கிறது, எஸ்ட்ரடையோலை வலுக்குறைந்த எஸ்ட்ரோனாக மாற்றும் நொதியைக் கூட்டுகிறது. தன்னைக் கேட்க வைத்த ஈஸ்ட்ரோஜனின் வாயையே அது அடைத்துவிடுகிறது.

இதில் ஆய்வாளர்களையே திகைக்க வைத்த ஒரு திருப்பம் உண்டு. பெருகுபவை சுரப்பி செல்கள்; எனவே ஈஸ்ட்ரோஜன் அந்தச் செல்களின் ஏற்பியைத்தான் தூண்டுகிறது என்று யாரும் நினைப்பார்கள். 1993இல் ஆல்ஃபா ஏற்பி இல்லாத சுண்டெலிகள் உருவாக்கப்பட்டன. 1997இல் அந்த எலிகளின் கருப்பைத் திசுவையும் சாதாரண எலிகளின் திசுவையும் பிரித்து, மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தார்கள். ஏற்பி இல்லாத சுரப்பி செல்களை, ஏற்பி உள்ள அடித்திசுவின் மேல் வைத்தால் அவை பெருகின. ஏற்பி உள்ள சுரப்பி செல்களை, ஏற்பி இல்லாத அடித்திசுவின் மேல் வைத்தால் அவை பெருகவில்லை. ஆணை முதலில் போய்ச் சேர்வது ஸ்ட்ரோமா எனும் அடித்திசுவுக்கு. அங்கிருந்து வளர்ச்சிக் காரணிகள் புறப்பட்டு மேலேயுள்ள சுரப்பிகளைப் பெருகச் சொல்கின்றன. புரொஜெஸ்டிரோன் போடும் தடையும் அதே வழியில்தான்: அடித்திசுவில் ஹேண்ட்2 என்ற மரபணுவை இயக்கி, அந்த வளர்ச்சிக் காரணிகளை அடக்குகிறது என்று 2011இல் தெரியவந்தது.

இந்தத் தடை இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் நெடுங்காலம் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் பெண்களின் உடம்பிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் கொடுப்பது அமெரிக்காவில் பரவலாக இருந்தது. 1975 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. அந்தப் பெண்களுக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயின் ஆபத்து 4.5 மடங்கு என்றது ஒன்று, 7.6 மடங்கு என்றது மற்றொன்று. அதன்பின்தான் கருப்பை உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் கூடவே புரொஜெஸ்டின், அதாவது புரொஜெஸ்டிரோன்போல் வேலை செய்யும் மருந்து, கொடுக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

மாத்திரை இல்லாமலும் இதே நிலை வரும். மாதவிடாய் நின்றபின் சினைப்பை ஓய்ந்துவிட்டாலும், அட்ரினல் சுரப்பி தரும் ஆண் ஹார்மோன்களை அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அந்த நொதி கொழுப்புத் திசுவில் இருக்கிறது. உடற்பருமனோடு மிக நெருங்கிய தொடர்புள்ள புற்றுநோய்களில் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்பது இதனால். பாலிசிஸ்டிக் ஓவரி உள்ள இளம்பெண்களுக்கு மாதக்கணக்கில் கருமுட்டை வெளியாகாமல் போனால் புரொஜெஸ்டிரோன் வருவதே இல்லை. தடை போட ஆளில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. புரொஜெஸ்டின் கலந்த கருத்தடை மாத்திரையை ஒவ்வோர் 5 ஆண்டு உட்கொள்ளும்போதும் இந்தப் புற்றுநோயின் ஆபத்து ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது என்று 2015இல் வந்த பெரிய தொகுப்பாய்வு காட்டியது. மாத்திரையை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆனபின்னும் அந்தப் பாதுகாப்பு எஞ்சியிருந்தது.

இவ்வளவையும் படித்தால், புரொஜெஸ்டிரோன் கருப்பையின் காவல் என்று தோன்றும். உட்சவ்வைத் தாண்டித் தசைச்சுவருக்குப் போனால் அந்த எண்ணம் உடைந்துவிடும்.

ஃபைப்ராய்டு அந்தத் தசைச்சுவரில் வருவது. புற்றுநோய் அல்லாத கட்டி. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கும் ஃபைப்ராய்டு இருந்தது. பலருக்கு அது தொல்லை தருவதில்லை. சிலருக்கு இரத்தப்போக்கு, இரத்தச்சோகை, அடிவயிற்றில் அழுத்தம், கருத்தரிப்பதில் சிக்கல். ஈஸ்ட்ரோஜன்தான் இதை வளர்க்கிறது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. மனித ஃபைப்ராய்டுத் துணுக்குகளை எலிக்குள் வளர்த்த ஆய்வு ஒன்று 2010இல் வேறு கதை சொன்னது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கட்டி வளரவில்லை. புரொஜெஸ்டிரோனும் சேர்ந்தபோதுதான் வளர்ந்தது. புரொஜெஸ்டிரோனைக் கேட்கும் ஏற்பியைத் தக்கவைப்பது ஈஸ்ட்ரோஜனின் வேலை. வளரச் சொல்வது புரொஜெஸ்டிரோன். அடுத்த ஆண்டு ஃபின்லாந்து ஆய்வாளர்கள், ஃபைப்ராய்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மெட்12 என்ற ஒரே மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். கட்டி தொடங்குவது மரபணுப் பிழையால், தழைப்பது ஹார்மோனால்.

ஒரே ஹார்மோன் உட்சவ்வில் தடையாகவும், அதையொட்டிய தசைச்சுவரில் தூண்டுதலாகவும் இருக்கிறது. மார்பகத்திலோ மூன்றாவது கணக்கு. அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில் கருப்பை உள்ள 16,608 பெண்கள், ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரைக்கும் வெற்று மாத்திரைக்குமாகப் பிரிக்கப்பட்டார்கள். கூட்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடியதால் 2002இல் அந்தப் பிரிவு இடையிலேயே நிறுத்தப்பட்டது. கருப்பை நீக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களுக்கு அப்படிக் கூடவில்லை. கருப்பையைக் காக்கச் சேர்த்த மருந்தே மார்பகத்துக்கு ஆகாததாகிவிட்டது. 'ஹார்மோன் நல்லதா கெட்டதா' என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாமல் போவது மருத்துவரின் தயக்கத்தால் நேர்வதல்ல. எந்தத் திசுவுக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் அந்தக் கேள்வி முழுமை பெறுகிறது.

ஒரு மருந்து, இரண்டு முகம்

தமாக்சிஃபென் இந்தப் பாடத்தை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டும் மருந்து. 1962இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் அதைத் தயாரித்தார். நோக்கம் கருத்தடை. எலிகளில் கருத்தரிப்பைத் தடுத்த அந்த மருந்து, பெண்களிடம் கருமுட்டை வெளியாவதைத் தூண்டிவிட்டது. கருத்தடை மருந்தாகத் தோற்றது, 1973இல் பிரிட்டனில் மார்பகப் புற்றுநோய் மருந்தாகப் புது வாழ்வு பெற்றது. அதற்குள் ஜென்சன், எந்த மார்பகக் கட்டியில் ஏற்பி இருக்கிறதோ அதுவே ஹார்மோன் சிகிச்சைக்கு இணங்கும் என்று காட்டியிருந்தார். அதற்கு முன்பெல்லாம் சினைப்பையையும் அட்ரினல் சுரப்பியையும், சில வேளை பிட்யூட்டரியையும்கூட நீக்கிவிட்டு, பலன் இருக்குமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றில் ஒரு பெண்ணுக்குத்தான் பலன் கிட்டியது. மற்ற இருவரும் பட்ட பாடு வீண். ஏற்பிச் சோதனை அந்த இருவரையும் காப்பாற்றியது என்பதை நினைக்கும்போதுதான், எலியின் கருப்பையில் தங்கிய அந்தக் கதிரியக்கத்தின் மதிப்பு புரிகிறது.

தமாக்சிஃபென் ஏற்பியின் குழிக்குள் அமர்கிறது. ஆனால் அதன் பக்கக் கிளை நீளமானது. மூடி படிய விடாமல் தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்ட 12ஆம் சுருள் போய், துணைப் புரதங்கள் வர வேண்டிய பள்ளத்தையே அடைத்துக்கொள்கிறது. மார்பகத்தில் கதை இதோடு முடிகிறது. கருப்பை உட்சவ்வில் முடிவதில்லை. அங்கே எஸ்.ஆர்.சி.-1 என்ற துணைப் புரதம் மிகுதி. அது மிகுந்திருக்கும் செல்லில் தமாக்சிஃபெனும் ஈஸ்ட்ரோஜன்போல் மரபணுக்களை இயக்கிவிடுகிறது என்று 2002இல் யோங்ஃபெங் ஷாங்கும் மைல்ஸ் பிரவுனும் காட்டினார்கள். 13,388 பெண்கள் பங்கேற்று 1998இல் முடிவு வெளியான தடுப்பு ஆய்வில் தமாக்சிஃபென் மார்பகப் புற்றுநோயைப் பாதியாகக் குறைத்தது. அதே பெண்களில் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயின் ஆபத்து ஏறத்தாழ 2.5 மடங்காயிற்று, பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கு. தமாக்சிஃபென் எடுக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் மருத்துவரிடம் போகச் சொல்வது இதனால்தான். இந்த ஆபத்து பலருக்கும் மிகச் சிறியது. மார்பகப் புற்றுநோய்க்காக அந்த மருந்தை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

இரத்தப்போக்கு என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் உள்ள பெண்களில், மாதவிடாய் நின்றவர்களை எடுத்துக்கொண்டால், பத்தில் ஒன்பது பேருக்கு அந்த நோய் இரத்தப்போக்காகவே தன்னைக் காட்டுகிறது. மாதவிடாய் நின்றபின் இரத்தம் படும் பெண்களிலோ நூற்றுக்கு ஒன்பது பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. இரண்டு கணக்கையும் சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும். அஞ்சி ஒடுங்கவும் வேண்டாம், 'வயசானா இப்படித்தான்' என்று விட்டுவிடவும் வேண்டாம்.

கருப்பை ஏன் பின்தங்கியது

1961இலேயே ரீட்டா கெல்லியும் வில்லியம் பேக்கரும் ஒரு முடிவை வெளியிட்டிருந்தார்கள். பரவிவிட்ட கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய்க்குப் புரொஜெஸ்டின் கொடுத்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது. தமாக்சிஃபென் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு அது. அப்படியிருந்தும் ஏற்பிச் சோதனை மார்பகத்தில் கட்டாயமாயிற்று. கருப்பையில் விருப்பம்போல் செய்வதாக நின்றுவிட்டது.

ஒரு காரணம், நோய் பெரும்பாலும் கருப்பைக்குள் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. கருப்பையை நீக்கினால் பலருக்குக் குணமாகிவிடுகிறது. மருந்துக்கான அவசரம் இல்லை. இன்னொரு காரணம் ஆய்வகத்தில் இருந்தது. பழைய சோதனையில் கட்டியை அரைத்துக் கூழாக்கி, அதில் எவ்வளவு ஹார்மோன் ஒட்டுகிறது என்று அளப்பார்கள். மார்பகக் கட்டிக்கு அது ஒருவாறு போதும். கருப்பையில் கட்டியைச் சுற்றியுள்ள அடித்திசுவிலும் தசையிலும் ஏற்பி நிறைந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால், ஏற்பி கட்டிக்குரியதா அக்கம்பக்கத்துக்குரியதா என்று யார் சொல்வது? ஏற்பியை மட்டும் தேடி ஒட்டும் எதிர்ப்புரதங்களை ஜென்சனோடு ஜெஃப்ரி கிரீன் உருவாக்கியபின்தான், கட்டியின் மெல்லிய சீவலில் ஒவ்வொரு செல்லாகப் பார்த்து இன்ன செல்லில் ஏற்பி உண்டு, இன்ன செல்லில் இல்லை என்று சொல்ல முடிந்தது.

மூன்றாவது காரணம், கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் என்ற பேரில் வழங்குவது ஒரே நோய் அல்ல. 1983இல் யான் போக்மன் இரண்டு வகை என்றார்: ஈஸ்ட்ரோஜன் மிகுந்த உடம்பில் மெல்ல வளரும் வகை, ஹார்மோனோடு தொடர்பின்றி மூத்த வயதில் வேகமாகப் பரவும் வகை. மூன்று பத்தாண்டு அந்தப் பிரிப்பே நின்றது. 2013இல் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 373 கட்டிகளை ஆராய்ந்து நான்கு குழுக்களாகப் பிரித்தது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் போல்-இ நொதி பழுதானவை. அவற்றில் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தும் நோயின் போக்கு மிக நன்றாக இருக்கிறது. டி.என்.ஏ. பிழைதிருத்தம் பழுதானவை, எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புது மருந்துகளுக்கு இணங்குபவை. கட்டி உருவாவதைத் தடுக்கும் பி53 மரபணு பழுதானவை, கடுமையானவை. இந்த மூன்றிலும் அடங்காத நான்காவது குழு.

இளம்பெண்களின் நிலை தனி. குழந்தை வேண்டும் என்று காத்திருப்பவருக்கு ஆரம்பநிலைக் கட்டி இருந்தால், கருப்பையை நீக்காமல் புரொஜெஸ்டின் மாத்திரையோ, அதைச் சிறிது சிறிதாகச் சுரக்கும் கருப்பைச் சாதனமோ கொடுத்துப் பார்க்கும் வழி உண்டு. ஒரு தொகுப்பாய்வின்படி ஏறத்தாழ நால்வரில் மூவருக்குக் கட்டி மறைந்தது. மறைந்தவர்களில் பத்தில் நால்வருக்குத் திரும்பியது. திரும்புவதற்கு ஒரு காரணம் புரொஜெஸ்டின் தானே தன் ஏற்பியைக் குறைத்துவிடுவது. இதற்கு ஒரு மாற்று யோசித்தார்கள். கருப்பையில் தமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன்போல் நடந்துகொள்வதால், அது புரொஜெஸ்டிரோன் ஏற்பியை மறுபடி வளர்க்க வேண்டுமல்லவா? பரவிய நோய் உள்ளவர்களுக்குச் சில வாரம் புரொஜெஸ்டின், சில வாரம் தமாக்சிஃபென் என்று மாற்றி மாற்றிக் கொடுத்த ஆய்வில் 27 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. கட்டியை உண்டாக்கக்கூடிய குணத்தையே கட்டிக்கு எதிராகத் திருப்பியது, இந்தத் துறையில் நான் படித்தவற்றில் மிக நுட்பமான யோசனைகளில் ஒன்று.

சினைப்பையும் குழாயும்

சினைப்பைக் கட்டிகளில் திசை சில நேரம் தலைகீழாகிவிடும். கிரானுலோசா செல் கட்டி தானே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். நோய் சினைப்பையில், அறிகுறி கருப்பையில்: உட்சவ்வு தடித்து இரத்தம் போகும். காரணம் தேடும்போது கட்டி தெரியவரும். 2009இல் ஆராய்ந்த 89 வயதுவந்தோர் வகைக் கட்டிகளில் 86இல், ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவின் ஒரே எழுத்து, ஒரே இடத்தில் மாறியிருந்தது. இவ்வளவு சீரான மாற்றம் புற்றுநோய்களில் அரிது.

சினைப்பைப் புற்றுநோய் என்று பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் உயர்தர சீரஸ் வகை; இங்கே 'உயர்தரம்' (ஹை கிரேட்) என்பது நோயின் கடுமையைக் குறிக்கும் சொல். அதில் பெரும்பங்கு சினைப்பையில் பிறப்பதே இல்லை. சினைக்குழாயின் விரல்போன்ற நுனியில் தொடங்கி, சினைப்பையில் போய் விழுந்து வளர்கிறது. 2001 தொடங்கி, மரபுவழி ஆபத்துள்ள பெண்களிடம் முன்னெச்சரிக்கையாக நீக்கிய குழாய்களைச் சீவிப் பார்த்தபோது இது புலப்பட்டது. வேறு காரணத்துக்காக அறுவை செய்யும்போது குழாய்களையும் சேர்த்து நீக்கிவிடும் பழக்கம் பல நாடுகளில் இதனால் வந்தது. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பாசிட்டிவ். ஆனால் ஹார்மோன் மருந்துக்கு இணங்குபவை கொஞ்சம்தான். ஏற்பி இருப்பது வேறு, அதை நம்பிக் கட்டி வாழ்வது வேறு. குறைதர சீரஸ் வகை மெதுவாக வளர்வது; அங்கே ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் மருந்துகளுக்கு உண்மையான இடம் இருக்கிறது.

கருப்பை வாய்ப் புற்றுநோயின் மூலகாரணம் எச்.பி.வி. வைரஸ், ஹார்மோன் அங்கே துணைப்பாத்திரம்தான். யோனிப் புற்றுநோயில் மட்டும் ஒரு துயரமான விதிவிலக்கு உண்டு. 1938இல் செயற்கையாக உருவாக்கப்பட்ட டி.இ.எஸ். என்ற ஈஸ்ட்ரோஜன், கருச்சிதைவைத் தடுக்கும் என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. பலன் இல்லை என்று 1953இலேயே ஓர் ஆய்வு காட்டியும் கொடுப்பது நிற்கவில்லை. 1971இல் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் உடன் பணியாற்றியவர்களும், அரிய யோனிப் புற்றுநோய் வந்த எட்டு இளம்பெண்களைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் ஏழு பேரின் தாய்மார்கள் கர்ப்பத்தில் டி.இ.எஸ். எடுத்தவர்கள். உறுப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும் வாரங்களில் ஏற்பியைத் தொட்ட மருந்து, பதினைந்து இருபது ஆண்டு கழித்து மகளிடம் வெளிப்பட்டது. ஏற்பியைத் தொடுவது எது என்பதோடு எப்போது தொடுகிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும் என்பதை அந்தப் பெண்கள் விலை கொடுத்துத் தெரிவித்தார்கள்.

நான்காவது குழு

நான்கு குழுக்களில் கடைசியாகச் சொன்னதற்குத் திரும்புகிறேன். கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய்களில் பெரிய பங்கு அதில்தான் விழுகிறது. தனக்கென்று அடையாளம் எதுவும் இல்லாததே அதன் அடையாளம். அதற்குள் மெல்ல நகரும் நோயும் உண்டு, எதிர்பாராமல் திரும்பி வரும் நோயும் உண்டு. மருத்துவருக்கு இதுதான் சங்கடமான குழு: யாருக்கு அறுவையோடு நிறுத்தலாம், யாருக்குக் கதிர்வீச்சும் மருந்தும் வேண்டும்? அண்மை ஆண்டுகளில் இந்தக் குழுவைப் பிரித்துக் காட்டியது விலைமிக்க மரபணு வாசிப்பு அல்ல. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான சாயச் சோதனை. ஏற்பியைத் தக்கவைத்திருக்கும் கட்டிகள் பெரும்பாலும் நல்ல முடிவைக் காண்கின்றன, இழந்தவை அப்படியில்லை.

எத்தனை விழுக்காடு செல்களில் சாயம் ஏறினால் பாசிட்டிவ் என்பதில் மார்பகத்துக்கு 2010 முதல் பொதுவான அளவு உண்டு: 1 விழுக்காடு. கருப்பைக்கு ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சிலர் 1 என்கிறார்கள், சிலர் 10 என்கிறார்கள். அதனால் அறிக்கையில் வெறும் 'பாசிட்டிவ்' என்பதைவிட, எத்தனை விழுக்காடு, சாயம் எவ்வளவு அழுத்தம் என்று எழுதியிருப்பது மேல். எழுதவில்லை என்றால் கேட்டுப் பெறலாம்.

அந்தச் சீவலை நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு, சாயம் சரியாக ஏறியிருக்கிறதா என்று சரிபார்க்க வெளியிலிருந்து எதுவும் தேவைப்படுவதில்லை. கட்டியைச் சுற்றியிருக்கும் அடித்திசுவும் தசையுமே போதும். அவற்றில் ஏற்பி உண்டு என்பதால், சாயம் ஏறி அவற்றின் உட்கருக்கள் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். ஏற்பியை இழந்த கட்டியில், நடுவே சுரப்பிகள் வரிசை வரிசையாக நீலமாகவே நிற்கும். அவற்றைச் சுற்றி, நோயில்லாத செல்கள் இன்னும் பழுப்பாக இருக்கும்.